ஜன்னல் இல்லாத அறை

பினாங்கில் யோகலட்சுமிக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுமே இல்லை. இதைச் சொன்னால் நிர்மலா நம்பவே மாட்டாள். தினமும் திருத்தணியில் ரயில் ஏறியதிலிருந்து சென்னை போய்ச் சேரும்வரை, பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போனைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவாள். மலைமேல் ஏறும் ரயில், சுவரெல்லாம் படம் வரைந்த தெரு, பாம்புகள் படுத்துக் கிடக்கும் கோயில். யோகலட்சுமி எல்லாவற்றுக்கும் ஓர் "ஆங்" போட்டுவிட்டுக் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்.

"ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா பாரு."

இருபது வருஷத்துக்கு மேலாக விடியற்கால வண்டி. பாரிமுனையில் மருத்துவ சாமான் விற்கும் கடையில் பில் போடும் வேலை. நாலு மணிக்கு அலாரம் அடித்தால் இட்லி வெந்து, சாம்பார் கொதித்து, மாமியாருக்கும் புருஷனுக்கும் மாத்திரை எடுத்து வைத்து, ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை அலாரம் கிடையாது, ஆனால் உடம்பு தானாகவே நாலு மணிக்கு எழுந்துகொள்ளும். எழுந்த உடம்பை வீடு சும்மா விடுமா? இத்தனை வருஷம் ரயிலில் போன தூரத்தைச் சேர்த்தால் உலகத்தையே பலமுறை சுற்றியிருப்பாள். போய்ச் சேர்ந்தது என்னவோ பாரிமுனைதான்.

அவளுக்குத் தூங்க வேண்டும். யாரும் எழுப்பாமல், தானாக விழிப்பு வரும்வரை தூங்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

தூங்குவதற்கு எதற்கம்மா வெளிநாடு என்று யாருக்கும் தோன்றும். நிர்மலாவும் கேட்டாள். அதற்கு யோகலட்சுமி பொதட்டூர்பேட்டைக் கதையைச் சொன்னாள். இரண்டு வருஷம் முன்பு அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அன்று சாயந்தரமே வாசலில் பைக் வந்து நின்றது. கேஸ் தீர்ந்துபோச்சு, புது சிலிண்டர் மாட்டத் தெரியல என்றார் புருஷன் ஹேமநாதன். கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பஸ் போற ஊரா இருந்தா வந்து கூட்டினு வந்துடுவாங்க நிர்மலா. நடுவுல கடல் இருக்கணும்."

அதற்கப்புறம் நிர்மலா கிண்டல் செய்யவில்லை. மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை போனால் டிக்கெட் மலிவு. கைப்பை ஏழு கிலோவுக்குள் இருந்தால் அதற்குத் தனியாகக் காசில்லை. விசா தொல்லை கிடையாது. சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல். எட்டுப் பெண்கள் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் அடிமட்ட விலைக்குக் கிடைத்தது. அதை மட்டும் யோகலட்சுமி ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள், அறை தனியாக வேண்டும் என்றாள். தேடித் தேடி ஒன்று அகப்பட்டது.

"சின்ன ரூமுக்கா. ஜன்னல்கூட இல்ல. அதான் மலிவு."

"வெளிச்சம் வராதில்ல? போட்டுடு."

நகைச்சீட்டு முதிர்ந்து வந்த பணத்தில் நகை வாங்கியதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது டிக்கெட்டாகவும் அறையாகவும் போனது. இரண்டுமே கொடுத்தால் திரும்பி வராத பணம். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் தணிகைவேல், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உதவும் என்று போன வருஷம் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்திருந்தான்.

இனி வீட்டில் சொல்ல வேண்டும். தூங்கப் போகிறேன் என்று சொன்னால், இங்கே இல்லாத பாயா தலையணையா என்பார்கள். இரண்டு நாள் யோசித்ததில், திருத்தணிக்காரிக்கு என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்கும் தோன்றியது. பினாங்கில் தண்ணீர்மலை என்று ஒரு முருகன் கோயில் இருக்கிறது. நிர்மலா காட்டியதுதான். அங்கே வந்து காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டேன், தனியாக வருவதாக நேர்ந்துகொண்டேன் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டாள்.

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் திருத்தணியில் அதற்குமேல் பேச்சில்லை. கல்யாணத்துக்குப் போகாதே என்று தடுப்பார்கள், சாவுக்குக்கூடப் போகாதே என்பார்கள், நேர்ந்துகொண்டவளைத் தடுக்க ஒருவருக்கும் நா எழாது. மாமியார் தாயாரம்மாளுக்கு ஒரே ஒரு வருத்தம்தான்.

"நம்ம மலைமேல இருக்கறவன் இன்னாமா கொற வெச்சான்? கடலத் தாண்டி ஒருத்தன்கிட்ட நேர்ந்துகினியே."

"ரெண்டு பேரும் ஒருத்தர்தானே அத்தே" என்றாள் யோகலட்சுமி, சோற்றைப் பிசைந்தபடி.

"இன்னாத்துக்கு வேண்டிக்கின?" என்று ஹேமநாதன் கேட்டார்.

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. காப்பாற்றியது தாயாரம்மாள்தான்.

"செலுத்தற வரைக்கும் வாயத் தொறந்து சொல்லக் கூடாது நைனா. சொன்னா பலிக்காது. நீ சாப்பிடு."

தப்பித்தோம் என்று நினைத்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். சொல்லாத வேண்டுதலை ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்து, என் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்குத்தானே, நீ சொல்லாத, எனக்குத் தெரியும் என்று கண் கலங்கினாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்தாள். தணிகைவேல் போன் செய்து, எனக்கு வேலை கெடச்சதுக்காம்மா என்றான். எதிர்வீட்டுக்காரி மூன்று கட்டிக் கற்பூரமும் ஒரு பாட்டில் பன்னீரும் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு கிலோவில் அதுவே கணிசமாகப் போயிற்று.

ரயிலில் யோகலட்சுமி இதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் தனக்காக என்கிறார்களே, எனக்கு என்று நான் எதையாவது கேட்டிருக்கிறேனா, கேட்டு அது கிடைத்திருக்கிறதா? அரக்கோணம் தாண்டி, திருவள்ளூர் தாண்டி யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அழுகை வரும்போல் இருந்தது, அதற்கும் அசதியாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

இடி வந்தது அந்த வாரக் கடைசியில். ஹேமநாதனுக்கு மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிலிருந்து கடின வேலை கூடாதென்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்கமாட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"யோகா, நானும் வர்றேன். எனக்காகத்தானே நீ நேர்ந்துகின? உசிரு பொழச்சவன் நானு, உன்ன மட்டும் அனுப்பிட்டு இங்க உக்காந்துகினு இருந்தா நல்லா இருக்காது."

"தனியா வர்றேன்னு வேண்டிகினேங்க."

"அம்மாவக் கேட்டேன். புருசன் பொண்டாட்டி ஒண்ணாப் போனா தோசமில்லயாம். அம்மாவ உங்க அக்கா வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ரூமு எப்படியும் போட்டாச்சு. எனக்கு ஒரு டிக்கெட்டு, அவ்ளோதான செலவு? திங்கக்கெழம போட்டுடறேன்."

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் கொடுமை. யோகலட்சுமி முகம் கழுவப் போய்க் குழாயடியில் வெகுநேரம் நின்றாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவருடைய குறட்டை கேட்டது. விடிந்ததும் "யோகா, டீ" என்பது கேட்டது. அதே அலாரம், அதே மாத்திரை டப்பா. அதற்குப் பாரிமுனைக்கே போகலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் போடுவதற்குமுன் நம்ம முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவரே அவளை ஆட்டோவில் மலைக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். இப்படி அவர் பேசிப் பல வருஷமாயிற்று. தனக்காக ஒருத்தி கடல் தாண்டி நேர்ந்துகொண்டாள் என்ற நினைப்பு மனிதரை ஐந்து வயது குறைத்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தை உடைத்தால்தான் அந்த அறை. உடைக்காவிட்டால் அறை இல்லை.

தரிசனம் முடிந்து நிழலாக ஓர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே முடி எடுக்கும் மண்டபம். சந்தனம் பூசிய தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒரு பெண் வாசலில் காத்திருந்தாள்.

"ஏங்க, நான் வேண்டிக்கலீங்க" என்றாள் யோகலட்சுமி.

"இன்னாது?"

"தண்ணீர்மலைக்கு ஒண்ணும் நேர்ந்துக்கல. பொய் சொன்னேன். எனக்குத் தூங்கணும். ஆரும் எழுப்பாத ஒரு அஞ்சு நாளு இருக்கணும். அதுக்குத்தான் போறேன். நீங்க வந்தா அது முடியாது."

ஹேமநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் வடிந்துபோயிற்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை, குரல்தான் இறங்கியது.

"சாவக் கெடந்தேன். அப்பகூடவா எனக்காக வேண்டிக்கல நீ?"

அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. எதிரே அந்தப் பெண் உள்ளே போய்விட்டிருந்தாள்.

"மூணு வருசம் முன்னாடி எனக்குத் தலையில முடி இல்லாம இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆங். மொட்ட போட்டிருந்த. தணிகைவேலுக்கு வேலைக்குன்னு."

"அவன் அப்ப ரெண்டாவது வருசம் படிச்சுகினு இருந்தான். வேல எங்கேர்ந்து வந்துச்சு? நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பொறவு ஒரு ஞாயித்துக்கெழம இங்க தனியா வந்து எடுத்தேன். பூமுடி போதும்னு அத்த சொன்னாங்க, முழுசா எடுக்கறேன்னு நேர்ந்துகினேன், முழுசா எடுத்துட்டேன். மறுநாளு அப்படியே ரயில்ல வேலைக்குப் போனேன், கடையில எல்லாரும் கேட்டாங்க. மொட்ட எடுத்துகினு வீட்டுக்கு வந்தப்ப நீங்க இன்னா கேட்டீங்க தெரியுமா? இட்லிக்கு மாவு இருக்கான்னு கேட்டீங்க."

அவர் சட்டைமேல் ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வேண்டிகினத இங்கயே செலுத்திட்டேங்க. அது முடிஞ்சுது. இது எனக்கு."

மண்டபத்திலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். மொட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, வெயில் படாமல் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். ஹேமநாதன் அவளைப் பார்த்தார். அப்புறம் இப்போது தோளுக்கு வளர்ந்திருந்த தன் மனைவியின் முடியைப் பார்த்தார், அங்கே முடி இருப்பதே அன்றுதான் தெரிந்தவரைப் போல.

எழுந்து போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்தார். மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட வேண்டுதல்னே இருக்கட்டும். நான் சொல்லமாட்டேன்."

"ஆங்."

"அங்க எழுந்ததும் ஒரு போன் பண்றியா?"

"எப்ப எழுந்திரிப்பேன்னு தெரியாதுங்க."

"எப்ப எழுந்தாலும் பண்ணு" என்றார். "அதுவரைக்கும் நான் பண்ணமாட்டேன்."