வடம் பிடித்து இழுத்த கார்

என் புருஷன் யோகேஸ்வரன் அந்தக் காரை வாங்கி வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, இதில் எத்தனை மூட்டை கோவா, கரட் ஏற்றலாம் என்பதுதான். தலவாக்கலையில் மரக்கறி லொறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். வேறு என்னத்தைக் கேட்பேன்?

"ஒனக்கு லயத்துப் புத்தி போகவே போகாதுடி" என்றார். அவரும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில். அதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் சொன்னேன். வந்தது.

இத்தாலியில் செய்த பழைய சிவப்புக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைக்க இடம் கிடையாது. கொழும்பில் யாரோ ஒரு முதலாளி ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டதை, தன் பேரில் இருந்த நான்கு லொறிகளையும் நுவரெலியாவில் இருந்த காணியையும் விற்று வாங்கி வந்தார். மிஞ்சியது ஒரே ஒரு லொறி. அது என் பேரில் இருந்ததால் தப்பியது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்த என் அம்மா வீரம்மா வேலையை விட்டபோது கிடைத்த ஈ.பி.எஃப். சேமிப்புக் காசைப் போட்டு வாங்கிய லொறி. இப்போது வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒன்றால்தான்.

கார் வந்த நாளிலிருந்து செலவைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எங்கள் குளிரில் நான்கு நாள் சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும். எலி வயரைக் கடித்துவிட்டது. ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் ரிஸ்வி நானா பார்த்துவிட்டு, "துண்டு வயர் வாங்க ஏலாது தங்கச்சி, முழு செட்டாத்தான் விப்பாங்களாம்" என்று தலையில் கை வைத்தார். பள்ளம் வந்தால் காரின் முன்பக்கத்தை உயர்த்த ஒரு பொத்தான் உண்டு. அதற்கான பம்ப் முதல் மாதமே எண்ணெய் ஒழுகியது. அந்த ஒழுகலை நிறுத்தப் போன காசில் என் லொறிக்கு ஆறு டயரும் புதிதாகப் போட்டிருக்கலாம். இதையெல்லாம் நான் பொறுத்துப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் சண்டை போட்டேன்.

அவர் பிறந்த மேல்பிரிவில் மாரியம்மன் கோயில் தேர் வந்தது. அந்தக் காரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். லொறிக்கே மூச்சு வாங்கும் ஏற்றம் அது.

"பஸ்ஸுல போனாலும் தோட்டத்து ஆளுங்க உங்களப் பாப்பாங்க" என்றேன்.

"எங்கப்பன் விடியக்காலம் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு, வேல வாங்குற கண்டாக்குகிட்ட ஏச்சு வாங்குன எடம்டி அது. அந்த எடத்துல என் கார் நிக்கணும். ஒனக்கு எங்க வெளங்கப் போகுது!"

எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கூடப் போனேன், அது என் முட்டாள்தனம்.

அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. ஆனால் உள்ளே கிளட்ச் இருக்கிறது, அதைக் காரே அமுக்கி விடும். மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் அது கருகிப் போகும். விற்றவன் இதைச் சொல்லித்தான் விற்றானாம். இவர் ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்தி, உருட்டி, நிறுத்தி ஏற்றினார். கோயிலுக்குக் கீழே கடைசி வளைவில் புகை வந்தது. அதற்கு மேல் கார் நகரவில்லை.

தேர் அப்போதுதான் நிலைக்கு வந்திருந்தது. சனம் எல்லாம் ஓடி வந்தது. கோயில் தலைவர் ஆண்டியப்பன், "நம்ம தம்பி காரு நடு ரோட்டுல நிக்கலாமா? தேரையே இழுத்தோம், இது என்னா பெரிய பாரம்!" என்று தேர் வடத்தைக் கொண்டுவரச் சொன்னார். குனிந்து, காருக்கு அடியில் கைக்கு அகப்பட்ட கம்பியில் கட்டினார்.

"எங்க கட்டுறதுன்னு கார் புத்தகத்தப் பாருங்க" என்று நான் கீழே இறங்கி நின்று கத்தினேன். உள்ளே இருந்த என் புருஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அறுபது பேர் அரோகரா போட்டு இழுத்தார்கள். அவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாமிக்கு நடக்கிற மரியாதை தனக்கு நடக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது அடியில் படாரென்று சத்தம் கேட்டது. முன் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. தண்ணீர் ரோட்டில் ஓடியது.

ரிஸ்வி நானா மறுநாள் வந்து படுத்துப் பார்த்தார். "சக்கரத்தப் புடிச்சிருக்கிற கையில கட்டி இழுத்திருக்காங்க. அது வளைஞ்சி ரேடியேட்டரையும் ஒடச்சிருச்சு. இழுக்கிறதுக்குன்னே திருகிப் போடுற கொக்கி ஒன்னு டூல்ஸ் பையில இருக்கு. பையப் பிரிக்கவே இல்ல போல" என்றார். தோட்டத்து ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் ஆசையாக இழுத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அறிவில்லை.

காரைப் பெரிய லொறி ஒன்றில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் போனில் கணக்கு வந்தது. கிளட்சுக்கு இருபத்தாறு லட்சம், வளைந்த கைக்கு ஏழு, ரேடியேட்டருக்கு நாலு. முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டும்வரை கராஜில் நிற்பதற்கு நாள் வாடகை வேறு.

அடுத்த நாள் காலை வீட்டு வாசலில் எங்கள் டிரைவர் சோலைமலை லீக்ஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் ஒரு படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து லொறியின் பொனட் மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு. லொறிக்கு ஆள் புடிச்சிட்டேன். நாப்பது லட்சம் தர்றான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா? கார் வந்ததும் வித்துட்டு ரெண்டு லொறியா எடுத்துத் தர்றேன்."

"நீங்க அத விக்கமாட்டீங்க. அடுத்த தேருக்கும் அதுலதான் போவீங்க."

"ஒங்கம்மா போட்ட பிச்சைக் காசு இது. அந்தக் காச மூஞ்சில எறியிறேன், போடு."

படிவத்தைப் பேனாவோடு அவர் பக்கம் தள்ளினேன். "எங்கம்மா மலையில அட்டை கடிக்கக் கடிக்க நின்னு சேத்த காசு. மேல்பிரிவுல இருந்து ஒங்கம்மாவும் அப்பிடித்தான் ஒங்களுக்குச் சோறு போட்டாங்க. பிச்சைன்னு இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க."

சோலைமலை மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்தார்கள். அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த லொறியா, நானா? இப்பவே சொல்லு. இதுல நீ கையெழுத்துப் போடலன்னா இந்த வாசல மிதிக்கமாட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பதினான்கு வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஆள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவ்வளவு தயாராக இருந்ததே எனக்கு ஆச்சரியம். படிவத்தை நான்காகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"லொறிதான். எட்டரைக்குக் கொழும்பு பஸ் இருக்கு. ஒங்க கார் அங்கதான நிக்குது, போய் அதுகூட இருங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கிழிந்த தாளைப் பொனட் மேல் போட்டார். பிறகு சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"பஸ்ஸுக்குக் காசு குடு."

ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். "அண்ணே, மூட்டைய ஏத்துங்க, தம்புள்ளைச் சந்தைக்கு நேரமாச்சு" என்று சோலைமலையிடம் சொல்லிவிட்டு நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.