மேனேஜரின் பின்னங்கால்கள்

மேனேஜருக்கு வயது எட்டு, எடை முப்பத்திரண்டு கிலோ. வீட்டில் யார் எந்த வேலையைச் செய்தாலும் எதிரே போய் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். ஒருநாள் காலை மாடிப்படியில் இறங்கும்போது ஒரே ஒரு கத்தல், அவ்வளவுதான். முதுகெலும்புக்குள் டிஸ்க் எனப்படும் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் பின்னங்கால் இரண்டும் மேனேஜர் பேச்சைக் கேட்க மறுத்தன.

அவற்றைக் கேட்க வைக்கும் வேலை மிளகாயுடையது. கால்நடை மருத்துவமனையின் கடைசி அறை அவளுடைய ராஜ்ஜியம். தரையெல்லாம் ரப்பர் பாய், மூலையில் தண்ணீர் நிரப்பி நாயை நடக்கவிடும் கண்ணாடித் தொட்டி, எந்நேரமும் ஈர நாய் வாசனை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் மிளகாய். அவள் மறுப்புச் சொல்லவில்லை. உறைப்பவர்களுக்கு உறைக்கட்டும்.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கிவந்து நாய்க்குக் கால் பிடித்துவிடுகிறாள் என்று சொந்தபந்தம் வாய்விட்டுச் சிரித்தது. சித்தப்பா ஒருவர், "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும்..." என்று ஆரம்பித்தார்.

"என் வேலையே அதுதான் சித்தப்பா. குளிப்பாட்டி, துவட்டி, நடுவீட்ல நிக்க வெச்சாத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலம் ஆனா உங்களை நிக்க வைக்கிறதுக்குத்தான் இன்னும் படிப்பு வரல."

அதற்குப் பிறகு சித்தப்பா அந்தப் பழமொழியை எடுப்பதில்லை.

மேனேஜரைக் கொண்டுவருகிறவர் ஒரு லாரி டிரைவர். ஆள் அலமாரி மாதிரி இருப்பார், மனசு மட்டும் பஞ்சு. வண்டி எடுத்தால் வீடு திரும்பப் பத்து நாள் ஆகும். நாய்க்காக இரண்டு மாதம் லீவு போட்டிருந்தார். அவர் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. ஆக, லீவு முடிவதற்குள் மேனேஜர் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான். அவர் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

"நல்ல எடம்தாம்மா. சுத்தமா வெச்சிருக்காங்க. ஆனா அங்க அது மேனேஜர் இல்லையே. நாப்பதுல ஒண்ணு."

அதைச் சொல்லிவிட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். மிளகாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுப் பயிற்சி எளிதானது. வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, தினம் நான்கு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் நாயை நிறுத்த வேண்டும். வாரத்துக்கு வாரம் துண்டின் பிடியைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். டிரைவர் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் டிக் அடித்துக் கொண்டுவந்து காட்டுவார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. ஆனால் ஐந்து வாரம் போயும் தொடையில் சதை பிடிக்கவில்லை. கையை விட்டால் இரண்டு எண்ணுவதற்குள் கால் மடிந்து பொத்தென்று விழுந்தது.

அன்று பாதத்தைத் துடைக்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. முன்னங்கால் நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பின்னங்கால் நகங்களோ கடையில் புதிதாக வாங்கியவை மாதிரி நீளமாக, பளபளவென்று. காலை இழுத்து நடக்கும் நாய்க்கு நகத்தின் மேல்பக்கம் சிராய்த்திருக்கும். ஊன்றி நிற்கும் நாய்க்கு நுனி தேய்ந்திருக்கும். இதற்கு இரண்டும் இல்லை.

"அண்ணே, நோட்டுல பொய் டிக் அடிக்கிறீங்களா?"

டிரைவர் முகம் சுருங்கிப்போனது. "என் பொண்டாட்டி தலை மேல சத்தியம்மா, ஒரு வேளை விடல."

"என் தலையை விட்டுடுங்க, அது ஏற்கெனவே வலிக்குது," என்றார் மனைவி. "ஆனா உண்மைதான் பாப்பா. சாப்பிட மறந்தாலும் இதை மறக்க மாட்டார்."

'பாப்பா' என்றால் மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். எப்படிச் செய்றீங்கன்னு காட்டுங்க."

காட்டினார். கூடத்தின் நடுவில் துண்டை மேனேஜர் வயிற்றுக்கு அடியில் கொடுத்தார், மூச்சைப் பிடித்தார், தூக்கினார். புஜம் புடைத்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. மேனேஜர் பல்லக்கில் போகிற மாதிரி நிம்மதியாக நாலாபக்கமும் வேடிக்கை பார்த்தது. மிளகாய் குனிந்து, அவருடைய டிக் நோட்டை எடுத்துப் பின்னங்கால்களுக்குக் கீழே தள்ளினாள். நோட்டு எதிலும் இடிக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"பார்த்தீங்களா? நாய் நிக்கல. நீங்கதான் நிக்கிறீங்க. அது தொங்குது."

டிரைவர் நோட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். மெல்ல இறக்கி வைத்தார். "கால் தரையில பட்டா நடுங்குதும்மா. அந்த நடுக்கத்தை என்னால பார்க்க முடியல. கொஞ்சமா தூக்கினேன். அப்புறம் அந்தக் கொஞ்சம்..."

"நடுங்கட்டும்! நடுங்கினாத்தான் சதை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அஞ்சு வாரம் லாரியைப் பின்னாலேருந்து தள்ளிக்கிட்டே இருந்தா, இன்ஜின் எதுக்குண்ணே ஓடணும்?"

அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பாதி அவள் மேலேயே. நோட்டிலிருந்த டிக்கை ஐந்து வாரம் எண்ணியவள், நகத்தை ஒருநாள் பார்த்திருக்கக் கூடாதா? பட்டம் வாங்கித்தான் என்ன? காகிதத்தைக் கண்டால் நம்பிவிடும் புத்தி மட்டும் போகவில்லை.

"தப்பு என் மேலயும் இருக்கு," என்றாள். அவளுக்கு அது எளிதில் வராத வாக்கியம். "இன்னும் மூணு வாரம் இருக்கு. இனிமே துண்டை நீங்க தொடக் கூடாது. அக்கா பிடிப்பாங்க."

"நானா? நான்தான் தூக்கக் கூடாதே!"

"அதனாலதான் அக்கா நீங்க. நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, சாயாம இருக்க ரெண்டு விரலால சும்மா பிடிங்க. தூக்க முடியாதவங்க பிடிச்சாத்தான் இது உருப்படும்."

முதல் வாரம் மேனேஜர் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு நொடி நின்றுவிட்டு விழுந்து, 'என்ன இது அக்கிரமம்' என்று டிரைவரைப் பார்க்கும். அவர் எழுந்து போய், வாசலில் சுத்தமாக நிற்கும் பைக்கை மறுபடி கழுவுவார். இரண்டாம் வாரம் நான்கு நொடி. ஒருநாள் மதியம் ஃபோன் செய்து, "ஆறும்மா! ஆறு!" என்று கத்தினார். தொட்டியில் இன்னொரு நாயோடு நனைந்துகொண்டிருந்த மிளகாய், "சரி சரி, காது போகுது," என்று வைத்தாள். வைத்துவிட்டு அந்த நாய்க்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அதற்கு ஒன்றும் புரியவில்லை.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சோதனை. பிடிமானம் இல்லாமல் பத்து எண்ணும்வரை நின்றால் வீடு, இல்லையென்றால் காப்பகம் என்று பெரிய டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கவும் தெரியாது, சலுகை காட்டவும் தெரியாது.

நிறுத்தினார்கள். கையை எடுத்தார்கள். டாக்டர் எண்ணினார். ஐந்தில் தொடை நடுங்கியது. ஏழில் இடுப்பு சாய்ந்தது. எட்டு என்று அவர் வாயெடுக்குமுன் மேனேஜர் விழுந்துவிட்டது.

டிரைவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்திருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் அவரைப் பார்த்து ஒரு குரை குரைத்தது, வந்து தூக்கு என்று. அவர் அசையவில்லை. மிளகாயின் கைதான் தன்னையறியாமல் முன்னால் போனது. டிரைவர் மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இரு பாப்பா."

மேனேஜர் இன்னொரு தடவை குரைத்தது. யாரும் வரவில்லை. பிறகு முன்னங்கால்களை ஊன்றியது. வலது பின்னங்காலை மடித்து உள்ளே இழுத்தது. வழுக்கியது. மறுபடி இழுத்தது. இடதும் சேர்ந்துகொண்டது. இடுப்பு ஆடியது, முதுகு கோணியது, அந்தக் கோணலோடே மொத்த உடம்பும் தரையைவிட்டு எழுந்தது. நாலடி, குடித்தவன் நடை. நேராகப் போய் எடை பார்க்கும் மேடை மேல், நின்றபடியே, நிதானமாக, நெடுநேரம் சிறுநீர் கழித்தது.

யாரும் எண்ணவில்லை. பத்தைத் தாண்டி எவ்வளவோ போயிருக்கும்.

டாக்டர் பேனாவை மூடினார். "நிக்கிறதைத்தான் நான் கேட்டேன். விழுந்தா எழுந்திரிக்கிறது அதைவிடக் கஷ்டம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. யாராவது அந்த மேடையைத் துடைங்க."

மிளகாய்தான் துடைத்தாள். முகத்தை யாரும் பார்க்காதபடி குனிந்துகொண்டு துடைப்பது வசதியாக இருந்தது.

அந்த அறையிலிருந்து வாசல்வரை நீளமான நடை. மேனேஜர் நாலடி நடக்கும், உட்காரும், சுவரைப் பார்க்கும், எழும். ஒருபக்கம் டிரைவர், மறுபக்கம் அவர் மனைவி, பின்னால் மிளகாய். அவளுக்குப் பின்னால் பூனைக்கூடையும் கிளிக்கூண்டுமாக ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. கூடைக்காரர் ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்: "ஏங்க, ஆள் இவ்ளோ பெரிசா இருக்கீங்க, கொஞ்சம் தூக்கிட்டுப் போனா என்ன?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"தூக்கக் கூடாது!"

கூடைக்குள்ளிருந்த பூனைகூட வாயை மூடிக்கொண்டது. மேனேஜர் ஆற அமர எழுந்து, அடுத்த நாலடியை எடுத்து வைத்தது.