பூனைக்கு நட்ட முள்

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த குளிர்கால வாரத்தில், கொல்லையில் இருந்த முள்நெல்லிப் புதர் அவர் கண்ணில் பட்டது. காய் பறிக்கும்போதெல்லாம் அவள் கையைக் கீறிய புதர். ஒழுங்கு பண்ணி வைத்தால் மகிழ்ந்துபோவாள் என்று கத்திரியை எடுத்தார். கிழட்டுக் கிளைகளை மட்டும் கழித்து, நடுவில் காற்றுப் போக வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னது? ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. சமன் செய்யச் செய்ய, கடைசியில் சுத்த மொட்டை.

மனைவி வந்து பார்த்தாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. இறந்துபோன அவள் அம்மா வளர்த்த செடி அது. அம்மா வீடு கைமாறியபோது அவள் கேட்டு வாங்கி, வேரோடு தூக்கி வந்தது அது ஒன்றைத்தான்.

“முடி மாதிரி வளந்துடும்னு நெனச்சுட்டேன்,” என்றார்.

“வெட்டினதுதான் வெட்டினீங்க, பூனையை விரட்டவாவது ஆகட்டும்.”

முள் குச்சிகளைப் பொறுக்கி, பூனை வந்து கிளறும் பட்டாணிப் பாத்தியைச் சுற்றி நெருக்கமாகக் குத்தினாள். அதோடு பேச்சும் நின்றது. கடையில் ஊர்க்கதையெல்லாம் அளக்கிற மனிதருக்கு வீட்டுக்குள் நுழையவே கால் கூசியது. துளிர்க்காதா என்று அடிக்கட்டைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். ஊற்றி ஊற்றிக் கட்டை அழுகியதுதான் மிச்சம்.

குளிர் விலகிய ஒரு காலையில், பட்டாணிக் கொடிக்கு நூல் கட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காய்ந்த குச்சிகளில் பச்சை! எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டியதோ என்று தொட்டுப் பார்த்தார். குச்சியிலிருந்தே விரிந்த குட்டி இலை. மெல்ல அசைத்தார், மண் விடவில்லை.

இத்தனை காலம் எத்தனை தலை! வெட்டி விழுந்ததைப் பெருக்கிக் குப்பையில் கொட்டினால் அவர் வேலை முடிந்தது. வெட்டியது உயிர் பிடித்து அவர் பார்த்ததே இல்லை. பாத்தி ஓரமாக மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, விழுந்துட்டீங்களா?” மனைவி ஓடி வந்தாள்.

அவர் கையைக் காட்டினார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பாத்தியைச் சுற்றித் துளிர்த்திருந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். கண் நிறைந்து வழிந்தது.

“இனிமே நீ சொல்ற மாதிரிதான் வெட்டுவேன்,” என்றார்.

“கத்திரி என்கிட்டதான் இருக்கும்.” புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் குச்சியிலிருந்து எண்ணத் தொடங்கினாள். “எனக்கு ஒரு அம்மாதானே இருந்தா,” என்றாள்.