புல் முளைக்காத இடம்

மூன்றாவது கோழிக்கும் இறக்கை தொங்கிவிட்டது. தையல்காரி அதை மடியில் போட்டுக்கொண்டு அலகோரம் மருந்துச் சொட்டு விட்டாள். போன வேகத்திலேயே அது வெளியே வழிந்தது. இறக்கையைத் தூக்கி உடம்போடு ஒட்டி வைத்தால் ஒரு கணம் நிற்கும். கையை எடுத்தால் தொப்பென்று விழும். கழிச்சல் பச்சையாக இருந்தது. போன வாரம்வரை தீனித் தட்டைக் கண்டால் மற்றதையெல்லாம் மிதித்துக்கொண்டு முன்னால் வரும் ராங்கிக்காரி அது. இப்போது அவள் முழங்கைமேல் கழுத்தைப் போட்டுக்கொண்டு கிடந்தது. சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது.

ஒரு மாதமாக அவள் பார்க்காத வைத்தியமில்லை. பூச்சி மருந்து கொடுத்தாள், மருந்துக்கடைக்காரர் தந்த பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்தாள், தீனியை மாற்றினாள், கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கூண்டு இருந்ததும் சுத்தமான இடம்தான். ஆறு மாதத்துக்கு முன் அவளே பார்த்துப் பார்த்து மாற்றி வைத்தது. கொல்லை முழுக்கப் புல் மண்டிக் கிடக்க, சுவரோரம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறும் தரை. எந்த மழைக்கும் அங்கே ஒரு களை தலைகாட்டியதில்லை. பூச்சி பொட்டு அண்டாது என்று சந்தோஷப்பட்டாள்.

மருந்தெல்லாம் தோற்றுப்போனதும் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே காரணம், தன் வாய். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நாத்தனாருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அது. அவள் புருஷன் பழைய பேட்டரிகளைப் பழுது பார்ப்பவன். சத்தமே வராத மனுஷன், அந்த வருஷம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். வயிறு வலிக்கிறது என்பான், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்பான். அன்றைக்கு அவள் போட்ட சோற்றுத் தட்டைப் புறங்கையால் தள்ளிவிட்டான். சோறு சுவரெல்லாம் அப்பிக்கொண்டது. "உன் கை விளங்காமப் போக!" என்று கத்தினாள். கோபத்தில் யார்தான் இதைச் சொல்வதில்லை? சொன்னவர்களெல்லாம் மறுநாள் மறந்துபோகிறார்கள். இவளுக்கு மட்டும் மூன்றே மாதத்தில் பலித்துவிட்டது. அவனுடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிற்று.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டும். அப்போதெல்லாம் அவன் சிரிப்பான். "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி." விளையாட்டுப் பேச்சுதான். ஒரு நாளும் அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. மறுவருஷம் சிறுநீரகமும் கெட்டு அவன் செத்துப்போனான். இன்றும் அவள் மிஷினை விட்டு எழுந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கும்போது அந்தச் சிரிப்பு பின்கழுத்தருகே கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டாள். பயம்தான், வேறென்ன.

அவள் சாபம் விட்ட அன்று அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தம்பி செத்த மறுவாரம் ஒன்றே ஒன்று சொன்னாள். "சொன்ன மாதிரியே செஞ்சிட்டே." அதோடு பேச்சு நின்றது. அதன்பிறகு தையல்காரி கோழி வளர்த்ததே அந்தச் சுவருக்காகத்தான். தினமும் காலையில் இரண்டு முட்டையைச் சுவர்மேல் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் முட்டை இருக்காது. மன்னித்து எடுக்கிறாளா, சும்மா எடுக்கிறாளா தெரியாது. எடுக்கிறாளே, அது போதும் என்றிருந்தது. முதல் கோழி செத்தபோது மட்டும் சுவருக்கு மேலே குரல் வந்தது. "அந்த வாய்க்குக் கோழி எம்மாத்திரம்."

மறுநாள் காலையில் செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா அதை அறுத்து, தீனியை அரைக்கிற பையைப் பிளந்து, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டிக் கழுவினாள். பொடிக் கற்களோடு சாம்பல் நிறத்தில் சில மணிகள். ஒன்றை நகத்தால் கீறியதும் பளிச்சென்று கோடு விழுந்தது.

"இது ஈயம்மா. தீனி அரைக்கக் கோழி கல்லு பொறுக்கும்ல, கல்லுன்னு நெனச்சு இதத் தின்னிருக்கு. உங்க வீட்டுல ஈயம் ஏது?"

தையல்காரிக்கு அந்த வெறும் தரை ஞாபகத்துக்கு வந்தது. புருஷன் அங்கேதான் குந்தியபடி பேட்டரியின் ஈயத் தகடுகளை உருக்குவான். ஆசிட்டைக் கொட்டுவதும் அங்கேதான். பாதி வேலையில் அவள் வந்து நின்று, "கை கழுவ எவ்வளவு நேரம், சோறு ஆறுது வா" என்று விரட்டுவாள். அவன் பேட்டரி உருக்கியதை டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"அந்த வேலை செஞ்சவர் நல்லா இருக்காரா?"

"இல்லம்மா. கை இப்படி ஆகிப்போச்சு." தன் கையைத் தொங்கவிட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஆடுமாட்டு டாக்டர், மனுஷங்களப் பத்திச் சொல்லக்கூடாது. ஆனா ஈயம் ஒடம்புல ஏறினா மணிக்கட்டு தொங்கும்னு படிச்சிருக்கேன். வயித்துவலி வரும், காரணமில்லாம கோவம் வரும்." தட்டிலிருந்த மணிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "முட்டைய யாரு சாப்பிட்டீங்க?"

"நானும் எங்க அண்ணியும். அவரோட அக்கா."

"பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாருங்க. பாக்காம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இனிமே ஒரு முட்டையும் வேணாம்."

தெருவில் இறங்கியதும் நான் இல்லை, நான் இல்லை என்று அவள் உள்ளம் துள்ளியது. இதை அவனிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. வாய்க்குச் சர்க்கரை என்று அவன் விளையாட்டாகச் சொன்னானா, நம்பித்தான் சொன்னானா? இனி கேட்க ஆளில்லை. தெருமுனைக்கு வருவதற்குள் துள்ளல் அடங்கிவிட்டது. வாயால் செய்யாததைக் கையால் செய்திருக்கிறாள். ஆறு மாதம், தினம் இரண்டு முட்டை.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சுவரருகே போய், நாலு வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டாள். "அண்ணி."

நாத்தனார் வந்து நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"முட்டை சாப்பிடாதீங்க அண்ணி."

"ஏன், முட்டைக்கும் சாபம் விட்டுட்டியா?"

தையல்காரி ஈயத்தைப் பற்றிச் சொன்னாள், தம்பியின் கையைப் பற்றிச் சொன்னாள், ரத்தப் பரிசோதனையைச் சொன்னாள். என் வாய் இல்லை அண்ணி என்று சொல்லத்தான் வழிநெடுக நினைத்து வந்தாள். அதை மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் சுவரோரத்து வெறும் தரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அவன் ஈயம் உருக்கின அடுப்பு நான் குடுத்ததுதான்" என்றாள். "தனியா கடை எதுக்கு, வீட்டுலயே உருக்குடான்னு நான்தான் சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நாத்தனார் வலது கையை மெல்லத் தூக்கிச் சுவர்மேல் நீட்டினாள். வளையல் முழங்கைவரை சரிந்தது.

"பாரு. நேரா நிக்குதா?"

"நிக்குது அண்ணி."

"நீயும் காட்டு."

தையல்காரியும் நீட்டினாள். எவ்வளவு நேரம் நீட்டிப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோள் கடுத்தும், இரண்டு பேரும் கையை இறக்காமல் நின்றார்கள்.