குஷன் கடைக்காரரின் ஒரே மகன்கள்

குஷன் கடைக்காரரின் ஒரே மகன் சோபா உறைக்கு ரெக்ஸின் வாங்க மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒருவனாகப் போனான், திரும்பும்போது இருவராக வந்தான். தக்காளி விலை தாறுமாறாக ஏறிய வாரம் அது. அதனால் தெருவின் பேச்சில் இந்தச் செய்திக்கு இரண்டாவது இடம்தான் கிடைத்தது. கூட வந்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஊர் வேறு, தாய் தகப்பன் வேறு, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருவரையும் கடைவாசலில் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். அதே முன்வழுக்கை, இடது புருவத்தில் அதே வெட்டு, தும்மினால் ஒன்றோடு நிற்காமல் மூன்றாகத் தும்மும் அதே வழக்கம். சலூன்காரர் இரண்டு தலைகளையும் தடவிப் பார்த்து, சுழியும் ஒரே பக்கம்தான் என்று சொன்ன பிறகு மேற்கொண்டு கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தெரு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்தது. அவனும் முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு விஷயம் மறுநாள் காலையில்தான் வெளிவந்தது. ஒருவன் காதில் விழுவது மற்றவன் காதிலும் விழுந்தது. கடைக்காரரின் மருமகள் அடுப்படியில் கணவனிடம் உப்பு தீர்ந்துவிட்டது என்று முணுமுணுத்ததும், மாடியில் தாடி மழித்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் பாதி நுரையோடு இறங்கி மளிகைக் கடைக்குப் போனான். அவளுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அன்று மாலையே படுக்கையறைக்கு ஒரு ரேடியோ வாங்கி வைத்தார்கள்.

மாமனார் இதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை. உதடுகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி குட்டி ஆணிகளை வைத்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளி, எடுத்து அடிப்பது அவர் வேலை முறை. பேச வேண்டுமானால் எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்ப வேண்டும். மருமகளிடம் பேச மட்டும்தான் அவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார். மகனிடம் பேசி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவர் வெளியூருக்கு ஒரு சோபா செட்டை இறக்கப் போயிருந்த நாளில் அவர் மனைவி இறந்துபோனார். காலையிலேயே மூச்சு வாங்கியிருக்கிறது. மகன் பக்கத்தில் இருந்தான், கையில் போன் இருந்தது, அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றது.

ஆனால் கடை நிற்க முடியுமா? ஒரே மேஜையின் இரு முனைகளில் இருவரும் வேலை செய்தார்கள். நடுவில் துணி வெட்டும் மருமகள். "அவன்கிட்ட சொல்லும்மா, ஃபோம் ரெண்டு இஞ்ச் போதும்னு" என்பார் மாமனார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மகன், "மூணு இஞ்ச்தான் வேணும்னு கஸ்டமர் கேட்டாங்கன்னு சொல்லு" என்பான். அவளும் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லுவாள். காரமான வார்த்தைகளை நடுவழியில் எடுத்துவிடுவாள், சில சமயம் ஒரு நல்ல வார்த்தையைக் கைக்காசு போல அவளே சேர்ப்பாள். கல்யாணமாகி வந்த வருடம் தொடங்கிய வேலை இது. அவள் தன் பேச்சாக ஏதாவது பேசி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது. ஊமைப் பிள்ளைகள் இரண்டு இருந்திருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டாள்.

மூன்று நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு ஜெராக்ஸ் துறைமுகத்துக்குத் திரும்பினான். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலை தண்ணீர் குடித்த டம்ளரைக் கணவன் தானே கழுவிக் கவிழ்த்துவைத்ததைப் பார்த்ததும் மருமகளுக்கு இது தன் கணவன் இல்லை என்று பட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவன் உடனே ஒப்புக்கொண்டான். போனது அவள் கணவன். யாரும் யார் வழியாகவும் பேசாத ஓர் அறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினானாம். ஜெராக்ஸுக்கோ, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் இன்னும் சில நாள் இருக்க ஆசை. கிரேன் ஓட்டத் தெரியாத மனிதனை அங்கே எப்படி விட்டார்கள் என்று கேட்டதற்கு, கையைப் பார்த்துத்தான் விட்டார்கள், கையும் ஒரே கைதானே என்றான்.

"வீட்டை என்ன லாட்ஜுன்னு நெனச்சீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல?" என்று அவள் பொரிந்து தள்ளினாள். ஜெராக்ஸ் நடுங்கி மன்னிப்புக் கேட்டான். "உங்களச் சொல்லல, சும்மா இருங்க. அவரச் சொல்றேன்" என்று அவன் காதுப் பக்கமாகக் குனிந்து மீதியையும் கொட்டினாள். தூரத்தில், கிரேன் கூண்டின் உயரத்தில், அவள் கணவன் ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டான். அன்று முதல் ஜெராக்ஸ் கடையிலேயே ஒரு பழைய சோபாவில் படுத்தான்.

போகிற அவசரத்தில் கணவன் ஜெராக்ஸுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தான். கஸ்டமர் பெயர், சாவி இருக்கும் இடம், எந்தத் தையல் மெஷின் முரண்டு பிடிக்கும் என்பது வரை. அப்பாவோடு பேசுவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது யாருக்காவது சொல்லித்தருவார்களா? விருந்தாளியாக இருந்த நாட்களில் ஜெராக்ஸும், பெரியவருக்கு வேலை மும்முரம், வாயில் ஆணி, அதுதான் பேச்சு குறைவு என்று எடுத்துக்கொண்டான். ஆகவே பழைய நாற்காலி ஒன்றில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தவன், சாதாரணமாகத் தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டான்.

"அப்பா, இது துருப்பிடிச்சிருக்கு. வளைச்சு எடுக்கவா, நேரா இழுக்கவா?"

மருமகளின் கத்தரி துணியிலேயே நின்றது. மாமனார் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "வளைச்சா கட்டை பொளந்துரும். நேரா எடு" என்றார். பிறகு, கேட்காமலே, கட்டைகளின் சுபாவத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மதியம் வரை சொன்னார். ஒன்பது வருடத்துப் பேச்சு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. மழைக்காலம் ஒன்றில் கூரை ஒழுகியது, தன் முழங்கால், தெருவில் செத்துப்போனவர்கள், மருமகள் நல்ல பெண் என்பது. எல்லாவற்றையும் மகனும் கூண்டிலிருந்து கேட்டான். அப்பாவின் குரல் முதலில் காதில் விழுந்த அன்று அவன் ஒரு கன்டெய்னரை வேறு கப்பலில் இறக்கிவிட்டதாகப் பிறகு தெரியவந்தது.

மருமகளுக்கு நடுவில் வேலை இல்லாமல் போனது. மத்தியானங்களில் படுத்துத் தூங்கினாள். துணி வெட்டும்போது பாட்டு முணுமுணுத்தாள். கணவன் இல்லாதது அவளுக்கு வலித்தது, அது உண்மை. ஆனால் அவன் வந்தால் அவனோடு அந்த மௌனமும் வந்து உட்கார்ந்துகொள்ளுமே என்ற பயமும் உண்மை. இன்னும் ஒரு நாள் கழித்து வரட்டும் என்று தினமும் நினைத்தாள், நினைத்ததற்காகத் தினமும் தன்னைத் திட்டிக்கொண்டாள். மனசுக்குள்தான் திட்ட முடிந்தது, வாய்விட்டுத் திட்டினால் ஜெராக்ஸ் வழியாக அவனுக்குக் கேட்டுவிடும்.

ஒரு மாலை மாமனார் பேச்சை நிறுத்தி, ஜெராக்ஸின் முகத்தை உற்றுப் பார்த்து, கடைசியில் அதைக் கேட்டார். "அன்னைக்கு ஏன்டா என்னக் கூப்பிடல?"

ஜெராக்ஸ் அன்று அங்கே இருக்கவில்லை. மருமகளைப் பார்த்தான். இந்தச் செய்தியை மட்டும் அவளிடம் யாரும் கொடுத்தனுப்பியதில்லை. "நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்றான். மாமனார் ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

காலையில் முதல் பஸ்ஸில் கணவன் வந்து இறங்கினான். கடைக்குள் நுழைந்து ஜெராக்ஸின் பக்கத்தில் நின்றான். இருவரும் ஒரே மாதிரி வியர்த்திருந்தார்கள். கணவன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி ஆயுளுக்கும் திறக்கமாட்டான் என்று மருமகளுக்குத் தெரியும். தன் பக்கம் திரும்பி 'சொல்லு' என்று ஆரம்பித்துவிடுவானோ என்று பயந்து, வேண்டுமென்றே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆணிகள் உள்ளங்கையில் விழும் சத்தம் கேட்டது.

"உங்க ரெண்டு பேர்ல, அன்னைக்கு எனக்குப் போன் பண்ணாதவன் யாரு?"

"நான்தான்ப்பா" என்றான் ஒருவன். அது ஜெராக்ஸ் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. நல்லவன், எல்லோரையும் காப்பாற்றப் பார்த்தான். அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் வீடு நிம்மதியாகத்தான் நடந்திருக்கும்.

"இல்லப்பா. நான்" என்றது அடுத்த குரல். "சாயங்காலம் வரைக்கும் அம்மா இருப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க சரக்கை இறக்கிட்டு நிதானமா வரட்டும்னு நெனச்சேன். தப்பா நெனச்சுட்டேன்ப்பா."

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தார். "காலைல வண்டி ஏறும்போது அவ மூச்சு வாங்குனத நானும் பாத்தேன்டா. சாயங்காலம் வரைக்கும் இருப்பான்னு நெனச்சுத்தான் நானும் போனேன்" என்றார். மருமகள் சுவரைப் பார்த்தபடியே அழுதாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகத்துக்குக் கிளம்பினான். மாதம் ஒருமுறை வருகிறான், மேஜையில் அவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. அப்பாவும் மகனும் இப்போது ஃபோம் அளவுக்காகத் தெருக்கோடி வரை கேட்கும்படி சண்டை போடுகிறார்கள். கஸ்டமர்கள் பழகிவிட்டார்கள். நடுவே ஜெராக்ஸின் நினைப்பு வந்தால் மாமனார் எழுந்து போய் மகனின் காதை மெல்லப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சாப்பிட்டியா? அடுத்த வாரம் வர்றியா?" என்று காதுக்குள் கேட்பார். மகன் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை தலையைச் சாய்த்துக் கொடுப்பான்.