அட, சொல்லேன்

ஊரையெல்லாம் ஏமாற்றியே வயிறு வளர்த்த மனிதருக்கு, தன் மகளை இன்னொருத்தி ஏமாற்றுகிறாள் என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயம்தானே? மேஜிக்காரர் மேடையில் ஏமாற்றினார். டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாறவே வந்தார்கள். இவளோ செத்தவர்களைக் கூட்டிவந்து பேச வைக்கிறாளாம்.

"அம்மா வர்றாங்கப்பா. ஒரே ஒரு தடவ வந்து பாருங்க" என்று மகள் நச்சரித்தாள்.

"உங்கம்மா உயிரோட இருந்தப்பவே கூப்பிட்ட குரலுக்கு வந்ததில்ல. இப்ப இவ கூப்பிட்டதும் ஓடி வந்துட்டாளாக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவியின் மூக்குக்கண்ணாடி அங்கேதான் இருந்தது.

மேடையில் அவரும் அவளும் ஜோடி. அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கூட்டத்துக்குள் போய் யாரிடமாவது ஒரு பொருளை வாங்கி, உயர்த்திப் பிடித்து, என்னவென்று கேட்பார். கேட்கும் விதத்திலேயே பதில் ஒளிந்திருக்கும். "சரி, சொல்லு" என்றால் கடிகாரம். "ம், சொல்லு" என்றால் பேனா. "அட, சொல்லேன்" என்றால் மூக்குக்கண்ணாடி. பெற்ற மகளுக்குக்கூட அவர்கள் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. மனைவி போன பிறகும் சமையலறைப் பக்கம் திரும்பி "சரி, சொல்லு" என்று அவர் வாய் கேட்டுவிடும். குழாய் சொட்டும் சத்தம்தான் கேட்கும். அவள் குரல் இனி வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஏக்கம் தீர்ந்துவிடுகிறதா?

குட்டை உடைத்து மகளை மீட்டு வருவதென்றுதான் கிளம்பினார்.

மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அந்தப் பெண் கண்ணில் பஞ்சு வைத்து, மேலே கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் முன்வரிசைக்காரரின் கடிகாரத்தை வாங்கி உயர்த்தினான். அது என்னவென்று செத்தவர்கள் அவள் வாயால் சொல்வார்களாம்.

"சரி, சொல்லு."

மேஜிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மோதிரம்... இல்ல, இல்ல... கடிகாரம்."

முதலில் தப்பாகச் சொல்லித் திருத்துவது அவர் மனைவியின் கண்டுபிடிப்பு. பட்டென்று சொன்னால் சந்தேகப்படுவார்கள், கொஞ்சம் தடுமாறினால்தான் நம்புவார்கள் என்பாள். திருட்டு! எழுந்து கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த "இல்ல, இல்ல"வை இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. வெட்கங்கெட்ட ஆசை.

"நான் கேக்கறேன்" என்று எழுந்தார். கண்ணாடியை எடுத்து உயர்த்தினார். "அட, சொல்லேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் விரல்கள் புடவையை இறுக்கிப் பிடித்தன.

"சீப்பு... இல்ல, இல்ல... மூக்குக்கண்ணாடி."

"அம்மா!" என்று பக்கத்தில் இருந்த மகள் விம்மினாள். 'பார்த்தாயா, இவ்வளவுதான் வித்தை' என்று திரும்பிச் சொல்ல வேண்டிய இடம் அது. அவரோ அவர்கள் பாஷையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கண்ணாடிக்காரி இப்ப எங்க இருக்கா?"

புருஷன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவள் துணியை அவிழ்த்துப் பஞ்சை எடுத்துப் போட்டாள்.

"தெரியாது சார். அக்கா எனக்குச் சொல்லிக் குடுத்தது பொருளுங்க மட்டும்தான்."

கூட்டம் சலசலத்தது. "எந்த அக்கா?" என்றாள் மகள்.

"உங்கம்மாதான். ஆஸ்பத்திரியில அவங்களப் பாத்துக்கிட்டவ நான். 'நான் போயிட்டா அவர் சுவத்தப் பாத்துக் கேட்டுக்கிட்டு இருப்பாரு, பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்'னு நீங்க யாரும் வராத மதியமெல்லாம் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்தேன் சார். நீங்கதான்..."

வந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு வாசலில் யாரோ ஒருத்தி நின்றாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஆட்டம் முடிஞ்சு போச்சும்மா" என்று கதவைச் சாத்தினார். செத்தவர்கள் சேதி அனுப்பமாட்டார்கள் என்று ஊரெல்லாம் சவால் விட்டவர் அவர். மனைவியோ உயிரோடு இருக்கும்போதே அனுப்பிவிட்டாள். அதைத்தான் அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

மகள் அழுகையை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

அவர் நகரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே நின்றார்.

"இன்னும் ஒரு தடவம்மா. அந்த 'இல்ல, இல்ல' மட்டும் சொல்லு, போதும்."