மாப்பிள்ளையின் தலையும் ஆயில் பிரைமரும்

என் இரண்டு கண்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஒரு கண்ணில் புரை இருக்கிறது என்பதற்காக யாரும் ஆணையைப் பாதியாகக் கழித்துக்கொள்ள வேண்டாம்.

என் தங்கையின் புருஷன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, வேலை விட்டு வந்ததும் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்ப்பார். தலைக்கு எண்ணெய் வைப்பதில் மட்டும் அவர் கஞ்சத்தனம் காட்டியதில்லை. சாய்ந்தவர் டி.வி.யைப் பார்ப்பார். தங்கை ஏதாவது கேட்டால் "ம்" என்பார். மறுபடி கேட்டால் மறுபடி "ம்". இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் எத்தனை முறை கேட்டும் "ம்" வரவில்லை. மாரடைப்பு. அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். பின்னந்தலை மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது: உருண்டையாக, இரண்டு காதோடு, எண்ணெய்க் கறையாக.

தங்கைக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பேச ஆளில்லாமல், குக்கர் விசிலடித்தால்கூட "இதோ வரேன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் வரன் தேடினேன். லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் ஒருவர் கிடைத்தார். மனைவியை இழந்தவர், நல்ல வாயாடி. தங்கைக்கு வேண்டியதும் அதுதான். பார்க்க வந்த அன்று அவர் சொன்ன ஒரு லாரிக் கதைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இவள் பல்வரிசையைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நான் யோசிப்பதற்குள் மனிதர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"அது யாரு?"

"போனவரு," என்றேன்.

"போன மாதிரி தெரியலையே! தப்பா நெனைக்காதீங்க. இன்னொருத்தர் பின்மண்டையப் பாத்துக்கிட்டே எனக்குச் சோறு எறங்காது. சுவத்தச் சரி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வந்து பேசி முடிச்சிடலாம்."

தங்கை அன்றைக்கே என்னைப் பெயிண்டரிடம் விரட்டினாள். "அண்ணே, நல்ல ஆளாப் பாரு. இந்த ஒரு சுவருதான் குறுக்க நிக்குது."

ஆள் நல்ல ஆள்தான், நாக்கு மட்டும் பிரஷைவிட நீளம். "இதுக்கெல்லாம் பிரைமரா? நம்ம பெயிண்ட் அடிச்சா பேய்கூட வெளிய வராது," என்று நேராக இரண்டு கோட் வெள்ளை அடித்தார். மறுநாள் காலையில் மாப்பிள்ளை அப்போதுதான் குளித்துத் தலை துவட்டியவரைப் போல வந்து நின்றார். அடுத்து வாட்டர் பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடித்தார். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் என்ன செய்யும்? மேலே வரும். இம்முறை மாப்பிள்ளை தோளோடு வந்தார்.

"ஏன்யா, ஒரு சுத்து பெருத்துட்டாரே?"

"உங்க வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல," என்றார் பெயிண்டர், கூச்சமே இல்லாமல்.

தங்கை சிரிக்கவில்லை. "வெளையாடாதீங்கண்ணே. ஞாயித்துக்கிழமை அவரு வந்துடுவாரு."

அதற்கப்புறம்தான் பெயிண்டர் வேலையை வேலையாகச் செய்தார். அடித்ததையெல்லாம் சுரண்டினார். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்தார். ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, கறையை அடக்குகிற ஆயில் பிரைமரை ஒரு கோட் அடித்தார். அது நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு கோட். நெடி தாங்காமல் பல்லிகள் குடும்பத்தோடு வீடு மாறின. கடைசியாகத்தான் பெயிண்ட். மறுநாள் காலையில் சுவர் வெறும் சுவராக இருந்தது. தங்கை கையால் தடவிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைவாரிக்கொண்டு, டீக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டுக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் அந்த ஒரே சுவர்தான்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. கூட்டிட்டுப் போ."

"என்னக்கா சொல்றீங்க?"

"இந்தப் பக்கம் வழிய அடைச்சா மனுஷன் எந்தப் பக்கம் போவாரு? எங்க சுவத்துல நிக்கிறாரு, மூஞ்சியும் மீசையுமா. நான் எங்க நின்னு துணி மாத்துறது?"

இந்தப் பக்கம் பின்னந்தலை என்றால் அந்தப் பக்கம் முகமாகத்தானே வரும்? அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் "மூஞ்சியா?" என்று தங்கை கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் போனாள்.

கொஞ்ச நேரத்தில் எடைமேடைக்காரர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "பிரமாதம்! அவங்க எங்க?"

"இதோ வந்துடுவா."

வரவில்லை. வாயாடிதான் என்றாலும் என்னோடு எவ்வளவு நேரம் பேசுவார்? கூப்பிடப் போனேன். தங்கை பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அச்சு அசலாக இருந்தார்.

"வாம்மா, அவரு காத்துக்கிட்டிருக்காரு."

"இங்க வந்தும் என்னைப் பாக்க மாட்டேங்கிறாருண்ணே."

திரும்பினேன். எதிர்ச்சுவர் ஓரமாக டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"அத நிறுத்துங்கக்கா," என்றாள். பக்கத்து வீட்டம்மா நிறுத்தினார். மாப்பிள்ளை அணைந்த டி.வி.யையே பார்த்தார். தங்கை எழுந்துபோய் டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "என்னங்க".

சண்டை போட வந்த அந்த அம்மாவே, "விடும்மா," என்று அவள் தோளைப் பிடித்தார்.

ஒரே சுவர். "என்னங்க" எங்கள் பக்கமும் கேட்டிருக்கிறது. நாங்கள் திரும்பியபோது எடைமேடைக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "வண்டி காலின்னு நெனச்சு வந்தேங்க. லோடோட நிக்குது," என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

பக்கத்து வீட்டம்மாவும் அதே பெயிண்டரை அழைத்து அதே ஆயில் பிரைமரை அடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. மாப்பிள்ளை செங்கலுக்குள் நின்றுபோனார்.

தங்கை அந்த பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்க்க ஆரம்பித்தாள். "ஏதாச்சும் கேக்குதாம்மா?" என்பேன். "ஒண்ணும் கேக்கலண்ணே," என்பாள், தலையை எடுக்காமல். கடைசிவரை அப்படியேதான் இருந்தாள். அவளும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள்தான். ஆனால் பிரைமர் அப்படி, எதுவும் உள்ளே இறங்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன். ஒரே துடைப்பில் எல்லாம் போய்விட்டது.

என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை.